இடுக்கியிலிருந்து ஒட்டிய இரும்பு

சாப்பிட்ட கையைக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்று வளர்ந்தவன் நான். என் மைத்துனன் அப்படியில்லை. நகம் கடிப்பான், கடித்ததைத் துப்புவான், அதே விரலோடு அளவுக் கருவியைத் திருகுவான். பார்த்தாலே குமட்டும். வீட்டுக்காரியின் ஒரே தம்பி என்பதால்தான் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் வேலையைப் புரியும்படியே சொல்கிறேன். நிக்கல், மாங்கனீசு, வெள்ளீயம் மூன்றையும் உருக்கிச் சேர்த்தால் ஹொய்ஸ்லர் கலவை என்று ஒன்று வரும். குளிரவைத்தால் ஒரு கட்டத்தில் உள்ளே அணுக்கள் இடம் மாறி நிற்கும், காந்தசக்தி படுத்துவிடும். முழுக்கப் படுப்பதில்லை, கொஞ்சம் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்தவன் நான். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது அந்த மிச்சத்தால்தான்.

ஒரு மதியம் எதையோ மென்றுகொண்டே வந்து நின்றான்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க. நாம கலவைத் துண்டை எடுக்கிறது இரும்பு இடுக்கியிலதானே? அந்த இரும்பு துளி அதுல ஒட்டிக்குது, நாம பார்த்த மிச்சம் அந்த இரும்போட காந்தம்தான். பிளாஸ்டிக் இடுக்கியால எடுத்து அளந்தேன், மிச்சம்னு ஒண்ணுமே இல்ல. இன்னும் யார்கிட்டயும் சொல்லல. நாமளே எழுதிச் சொல்லிடலாம்."

எச்சில் என் சட்டையில் தெறித்தது. அவன் முகத்தில் கேலிகூட இல்லை. என்மேல் பரிதாபப்பட்டான். எச்சிலைவிட அதுதான் அருவருப்பாக இருந்தது.

"யோசிச்சு சொல்றேன். நீ போய் நைட்ரஜனை நிரப்பு" என்றேன்.

கருவியைக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. ஆவியானால் மூச்சுக்காற்றைத் துரத்திவிடும்; அதற்காகத்தான் அங்கே விசிறியும் எச்சரிக்கை மணியும். இரண்டையும் நிறுத்தினேன். அவன் உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நைட்ரஜனுக்கு வாடையில்லை, கறையில்லை. அவ்வளவு சுத்தமான சாவு அவனுக்கு அதிகம்தான்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தட்டினான். கண்ணாடியில் அவன் வாய் பட்டு ஈரமானது. பிறகு விசிறியைப் போட்டு, உள்ளே போய், முதலில் அதைத்தான் துடைத்தேன்.

வீட்டில் அவன் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். ஆறுதல் சொன்னேன்.

பெயருக்காகக் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்கிறீர்கள். அப்படியில்லை. அவன் சொன்னது சரியாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். எனக்கு உண்மைதான் பெரிது. அடக்கம் முடிந்து, குளித்துவிட்டு வந்து, நானே பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து அளந்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பத் திரும்ப அளந்தேன், அதேதான். கருவி முழுக்க அவன் கை பட்டிருக்கிறது, அதனால்தான். பிரித்து நன்றாகக் கழுவிவிட்டு அளந்தால் சரியாக வந்துவிடும். என்னை எப்போது விடுவீர்கள்?