எதிர்த்து நின்றவர் டெல்லி மந்திரி

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "டெல்லியில மந்திரியா இருந்தவரையே தோக்கடிச்சவ நானுங்க."

"எதுலீங்கக்கா?"

"எங்கூரு வார்டு மெம்பர் தேர்தல்லீங்க. பதவி போனப்புறம் ஊருக்கே வந்து நின்னாரு. எங்க ஊட்டுக்கும் வந்து ஓட்டுக் கேட்டாரு. 'நானும் நிக்கறேனுங்க, நீங்க எனக்குப் போடுங்க'ன்னேன். சிரிச்சுட்டாரு. மூணே ஓட்டுல ஜெயிச்சேன்."

"அவருக்குக் கோவமில்லீங்களா?"

"நான் பதவியேத்த மொத நாளே மனுவோட வந்துட்டாருங்க, அவரு வீதியில விளக்கு எரியலைன்னு. நான் பதறி எந்திரிச்சேன். 'நீங்க உக்காருங்க மெம்பரம்மா'ன்னு சொல்லி, நின்னுக்கிட்டே கொடுத்தாரு."

சொல்லிவிட்டு அந்த அம்மா முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.