சுண்டெலி எங்க நிக்குது?

ஹலோ... ஆமா, பல் செட் செய்யிற லேப்தான். சொல்லுங்க, எந்த டாக்டர்கிட்டேருந்து பேசறீங்க?... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, இங்க பாலிஷ் மெஷின் ஓடுது... அக்கா, அதை ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்... ம், இப்பச் சொல்லுங்க...

ஓ. நீங்களா.

குரல் தெரியாமப் போகல. பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்துன குரலு, தெரியாமப் போகுமா? இப்படிக் கிசுகிசுன்னு பேசுனா யாருன்னு நினைக்கறது?... ஆமா, என் நம்பர்ல உங்களை பிளாக் பண்ணித்தான் வெச்சிருக்கேன். எட்டு மாசமா நிம்மதியாத் தூங்கறேன்... நல்லா இருக்கேன். சாப்ட்டேன். விஷயத்துக்கு வாங்க, எதிர்ல மேல் வரிசைப் பல்லு பதினாலு எனக்காகக் காத்திட்டிருக்கு...

என்னது?... எது நின்னுபோச்சு?

சுண்டெலியா!

இல்ல, சிரிக்கல... சரி, சிரிச்சேன். என்ன இப்போ?... ஒண்ணுமில்லக்கா, எங்க வீட்டுக்காரரு. முன்னாள். பொம்ம ரயிலு ஓடலயாம், அதுக்குத்தான் இந்த போனு... ஐயோ சாமி, பொம்மன்னு சொல்லக் கூடாதா? சரி, மாடல் ரயிலு. போதுமா? யார்டுல பெட்டியத் தள்ளிச் சேக்கற அந்தக் குட்டி ஷண்டிங் இன்ஜினுக்கு சுண்டெலின்னு பேரு வெச்சதே நான்தான், எனக்கே பாடம் எடுக்கறீங்க.

எந்த எடத்துல நிக்குது?... யார்டுலன்னா, யார்டுல ஏழு பாயிண்ட்டு இருக்கு, எதுல?... நிலக்கரி ஷெட்டுக்குத் திரும்பற எடம். மூணாவது. தண்டவாளம் பிரியற எடத்துல வந்து அப்படியே நின்னுடுதா?... லைட்டும் அணைஞ்சிடுதா?... ம்... ம். பெரிய இன்ஜினை விட்டுப் பாத்தீங்களா?... அது போகுதில்ல? போகும்.

இன்ஜின் மேல பழியப் போடாதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா இருக்கு. பெரிய வண்டி நீளம். முன் சக்கரத்துக்குக் கரண்டு வரலன்னாலும் பின் சக்கரம் வாங்கிக்கும். இது நாலே சக்கரம், என் கட்டைவிரல் நீளம். பாயிண்ட்டோட நடுவுல கரண்டு இல்லேன்னா நின்னுதான் போகும். அதுக்குத்தானே ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் அடியில ஒரு சுவிட்சு வெச்சேன்? அதுல ஏதோ ஒரு வயரு கழண்டிருக்கும். மேசையை நகத்துனீங்களா?... எதுக்கு?... ஜன்னல் வெளிச்சம் விழணும்னு. போட்டோவுக்கு. ம், போட்டோவுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

சரி, இன்னைக்கே சரியாகணும்னு என்ன அவசரம்?... யாரு?... எல்லாருமா? மாடல் ரயில் கிளப்பு மொத்தமும் இப்ப நம்ம வீட்... உங்க வீட்டுலயா உக்காந்திருக்கு?

என்ன கூட்டம்?... அவங்கவங்களுக்குப் பிடிச்ச ஷண்டிங் இன்ஜினைக் கொண்டாந்து அஞ்சஞ்சு நிமிஷம் பேசணும். நல்ல யோசனைதான். கண் டாக்டர் அந்தப் பச்சை டீசலத்தான் கொண்டாந்திருப்பாரு... பாத்தீங்களா, சொன்னேன்ல! நல்ல வண்டிங்க அது. நகர்றதே தெரியாது. வேகமா எவன் வேணா ஓட்டலாம். ஷண்டிங் இன்ஜின்னா பெட்டியை இடிக்காமப் போய் பூ மாதிரி ஒட்டிக்கணும். அதுல அது கெட்டி... டிரைவிங் ஸ்கூல்காரரு?... இன்னுமா அந்தப் புகை விடற கறுப்பு? ஒவ்வொரு தடவையும் அதுல எண்ணெய ஊத்தறேன்னு மேசை விரிப்புல ஊத்துவாரு. துவைச்சது யாருன்னு கேட்டுப் பாருங்க.

அப்ப நீங்க சுண்டெலியைப் பத்திப் பேசப் போறீங்க... எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லப் போறீங்க. அப்படியா. எங்க, எனக்கும் சொல்லுங்க, கேக்கறேன். எப்படிச் செஞ்சீங்க?... சும்மா சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்... சரி, விடுங்க.

அதுக்கப்புறம் என்ன?... என்ன ஹாலு?... கிளப்புக்குன்னு தனியா ஹால் கிடைச்சிடுச்சா? பரவாயில்லையே... ஒரே ஒரு லேஅவுட்ட, மலை, குகை, தண்டவாளம்னு மேசையோட, அங்க நிரந்தரமா வைக்கப் போறாங்க. எதுன்னு இன்னைக்கு முடிவு பண்றாங்க. முன்னால பித்தளைப் பலகை. செஞ்சவங்க பேரு... யாரு பேரு?... நான் கேக்கறது காதுல விழலையா? பலகையில யாரு பேரு?... ஒத்தப் பேரா, ரெண்டு பேரா?

ம். அதானே.

இல்ல, கோவம் இல்ல. கோவப்பட்டு என்ன ஆகப் போகுது. மொதல்ல அந்த மேசைக்கு அடியில போங்க. கதவைச் சாத்திட்டீங்களா?... அவங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?... டீ போடறேன்னா? நீங்களா? நம்பிட்டாங்களா?... சரி, படுங்க. மல்லாக்கப் படுங்க. முட்டியப் பாத்து, மேசைக் கால்ல ஆணி துருத்திட்டிருக்கும். இப்ப மேல பாருங்க. என்ன தெரியுது?... ஆமா, வயரு. வயரு இல்லாம வாழைத்தாரா தொங்கும்? அறுபத்தி நாலு வயரு.

என்னது? எது எந்த வயருன்னு எழுதி ஒட்டலயான்னா?

யாரப் பாத்து இந்தக் கேள்வியக் கேக்கறீங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, நான் ஒட்டுனேனா இல்லையா? இங்க பல் அச்சு மேல டாக்டர் பேரு எழுதி ஒட்டற அதே சீட்டை எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு வயர்லயும் ஒட்டுனேன். மூணாவது பாயிண்ட்டு நடு, ஷெட்டு விளக்கு, சிக்னல் சிவப்பு... மொதல் கண்காட்சிக்கு மொத நாள் நீங்க என்ன சொன்னீங்க? பொம்பளக் கையெழுத்து மாதிரி இருக்கு, யாராவது குனிஞ்சு பாத்தா யாருதுன்னு கேப்பாங்கன்னு சொல்லல? நீங்க டார்ச் பிடிச்சீங்க, நான் அழுதுகிட்டே பிச்சேன். அறுபத்தி நாலையும் பிச்சேன். பிச்சதைக் கூட்டி அள்ளிப் போட்டதும் நான்தான்... மறந்துட்டீங்க. ஆமா, உங்களுக்கு மறக்கும்.

எனக்கா? எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்த வயரு, என்ன கலரு, எந்தத் திருகாணிக்குப் பக்கத்துல, எல்லாம் கண்ண மூடிட்டுச் சொல்வேன்... சொல்ல மாட்டேன்னு யாரு சொன்னா? சொல்றேன். ஆனா ஒரு நிபந்தனை.

நீங்க மொதல்ல எந்திரிச்சு முன் ரூமுக்குப் போங்க. எல்லாரும் இருக்கறப்பச் சொல்லுங்க. யார்டு, வயரு, சுண்டெலி, இந்த மூணும் அவ செஞ்சதுன்னு. அவ்வளவுதான். மலையும் குகையும் உங்களோடதுன்னே வெச்சுக்குங்க, பிளாஸ்டர் நான் கலந்து குடுத்தாலும் பரவாயில்ல. ஒரு வாக்கியம் சொல்லிட்டு போனை எடுங்க, அடுத்த நிமிஷம் வயரைச் சொல்றேன்.

அப்புறமாவா? எப்புறம்?... ஹால் திறக்கற அன்னைக்கா? உங்க அப்புறத்தைப் பன்னெண்டு வருஷமாப் பாத்தவ நான். அடுத்த கண்காட்சியில சொல்றேன், அடுத்த கூட்டத்துல சொல்றேன். கூட்டத்துல என்ன சொன்னீங்க? இவங்கதான் நம்ம கேன்டீன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன், அதான் எனக்கு இன்னும் ஆறல... யாரு மானம்? உன் மானமா?... பாருங்க, நீ, உன்னுன்னு வந்துடுச்சு வாயில. வரட்டும்.

வீட்ட விட்டுக் கிளம்பறப்ப என்ன கேட்டேன்? பீரோவக் கேட்டேனா, பிரிட்ஜக் கேட்டேனா? சுண்டெலிய மட்டும் குடுங்கன்னேன். கிளப்புப் பதிவேட்டுல உங்க பேர்ல இருக்குன்னு சொன்னீங்க. தீப்பெட்டி அளவு வண்டி. அதுக்கு ஒரு பதிவேடு.

இருங்க, நானும் ஒண்ணு சொல்றேன். நீங்க சொல்லலேன்னா நானே கிளப்பு செக்ரட்டரி சாருக்கு போன் போடுவேன். அந்த இன்ஜினோட மேல்கூரையில மஞ்சப் பெயிண்ட்ட நகத்தால லேசாச் சுரண்டச் சொல்வேன். அடியில என்ன வரும் தெரியுமா? ரோஸ் கலரு. பல் செட்டுக்கு ஈறு செய்யிற பொருளு அது. இதோ இந்த மேசையில, மதியச் சாப்பாட்டு நேரத்துல, நாப்பது நாள் உக்காந்து செஞ்சேன். சாப்பிடாமச் செஞ்ச நாள்கூட உண்டு, இங்க இருக்கற அக்காவக் கேளுங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல துரு அடிச்சிருக்கே, பாக்கறவங்க எல்லாம் வாயப் பொளக்கறாங்களே, அது, செட்டுப் பல்லு நிஜப் பல்லாத் தெரிய கறை வரையற பிரஷ்ஷு. டயர் கடை வெச்சிருக்கற மனுஷனுக்கு ஈறு எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல?... கெஞ்சாதீங்க. கெஞ்சுனா எனக்குப் பாவமா இருக்கும்னு பாக்கறீங்க. இருந்துச்சு ஒரு காலத்துல...

என்ன சத்தம்?... தலைய இடிச்சுக்கிட்டீங்களா? பாத்து! ரத்தம் வருதா?... யாரு அங்க? யாரு உள்ள வந்தது?... ஹலோ?... ஹலோ...

சாரா? செக்ரட்டரி சாரா? வணக்கம் சார்... நல்லா இருக்கேன் சார். மேடம் நல்லா இருக்காங்களா? கேட்டேன்னு சொல்லுங்க... அவரு என்ன பண்றாரு?... சட்டை ஆணியில மாட்டிக்கிச்சா? இருக்கட்டும் சார், கொஞ்ச நேரம் அங்கயே இருக்கட்டும். கடவுளாப் பாத்து உங்க கையில போனக் குடுத்திருக்காரு, உங்ககிட்டயே சொல்லிடறேன்.

சார், தப்பா நினைக்காதீங்க. அந்த சுண்டெலி நான் செஞ்சது... ஆமா சார், நான்தான். யார்டும் நான்தான் போட்டேன். அடியில இருக்கற வயரு பூராவும் என் கை. சும்மா சொல்லல சார், அத்தாட்சி இருக்கு, மேல்கூரையில...



என்னது?

தெரியுமா?

...எப்பவே தெரியும்னா, எப்பலேருந்து சார்?... கண்காட்சியில கீழ விழுந்து மூலை பேந்துச்சே, அப்பவா?... ரோஸ் தெரிஞ்சுது... கண் டாக்டர் பாத்துட்டு, இது பல் செட்டு சமாச்சாரமாச்சேன்னு சொன்னாரு. ம்... சார், அது நடந்து எட்டு வருஷமாச்சே சார்... எல்லாருக்குமா தெரியும்? டிரைவிங் ஸ்கூல்காரருக்குமா?... ம். அவருக்குமா.

நான் என்ன நினைச்சிட்டிருந்தேன் தெரியுமா சார்? இந்த மனுஷன் உங்களை எல்லாம் ஏமாத்தறாருன்னு. பாவம், விவரம் தெரியாத பெரியவங்க, உண்மை தெரிஞ்ச அன்னைக்கு எனக்காக நியாயம் கேப்பாங்கன்னு. அத நினைச்சே காலத்தை ஓட்டுனேன் சார்.

...அவரு மனசு சங்கடப்படும்னா? சரி. என் மனசு?... வம்பு எதுக்குன்னு. புருஷன் பொண்டாட்டி விஷயம்னு... அதுவும் சரி, கூட்டம் போட வேற எடம் இல்ல, அவரு வீட்டை விட்டா. அதையும் சொல்லிடுங்க... மாசாமாசம் வந்து என் கையால டீ வாங்கிக் குடிச்சீங்களே சார். டம்ளரை வாங்கறப்ப ஒருத்தராவது என் காதுல மெதுவாச் சொல்லியிருக்கலாமே. நல்லாச் செஞ்சிருக்கீங்கம்மான்னு. அவருக்குக் கேக்க வேணாம், சபையில வேணாம். எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. அவ்வளவு கனமா சார் அந்த வார்த்தை?

இல்ல சார், அழல... ஒண்ணுமில்லக்கா, நீங்க உங்க வேலையப் பாருங்க.

சொல்லுங்க சார்... பலகையிலயா?... அவரு பேருக்குக் கீழ. சின்ன எழுத்துல. உதவின்னு போட்டு... என் பேரா?... பேரு வேணாம்னு நினைக்கறீங்க. உதவி, துணைவியார். அப்படி... அதுவும் இப்ப நான் இல்லையே சார். எட்டு மாசமாச்சே.

ம்... ம். கேக்கறேன், சொல்லுங்க... எல்லாரும் பேசி முடிச்சாச்சு, அடுத்து இவருதான். ஆமா... நேரமாகுது. ஆமா, ஆமா... எந்த வயருன்னு நான் சொல்லணும். அதைக் கேக்கத்தான் இவ்வளவு நேரம் லைன்ல இருந்தீங்களா சார்? நான் வேற என்னவோன்னு நினைச்சேன்.

இல்ல, இல்ல, கோவமெல்லாம் எதுக்கு. சொல்றேன். வயரை விடுங்க, அது உங்க யாருக்கும் பிடிபடாது. அதைவிட சுலபமா ஒரு வழி இருக்கு. சுண்டெலி அந்த மூணாவது பாயிண்ட்டுல வந்து நிக்கும்ல, நின்னதும் அவரை விரலால பின்னாலேருந்து லேசா ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்க. நகக்கண் அளவு தாண்டிட்டாப் போதும், அப்புறம் அதுவாப் போய்ச் சேந்துடும்... எல்லாரும் பாத்துடுவாங்களா? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். அந்த நேரம் நீங்க எல்லாரும் கொஞ்சம் வேற பக்கமாத் திரும்பிக்குங்க.

உங்களுக்குப் பழக்கம்தானே. வெச்சிடறேன்.