சாப்பாட்டுக்குப் போட்ட கையெழுத்து

ஹலோ... ஹலோ, ஜெயசுந்தர் சாரா பேசுறீக... ஆமா, ஆமா, சிவகாசி அச்சாபீஸ்ல இருந்துதான்... இல்ல, மொதலாளி சாப்பிடப் போயிருக்காரு. நான் பைண்டிங்ல இருந்து பேசுறேன்... உங்க புக்கு ரெடி சார். ஐநூறும் ரெடி. சாயங்காலம் லாரில போட்டுறலாம், அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.

பேரா... முத்துப்பேச்சி... நாரணாபுரம் முத்துப்பேச்சி... ஞாபகம் இல்லையா. முப்பத்தொண்ணாம் பக்கத்துல போட்டோ போட்டிருக்கீகளே. பச்சைச் சேலை, இடுப்புல பிள்ளை. கீழ 'பங்குதாரர்'னு எழுதியிருக்கு, கூட்டத்துக்கு வந்த எங்களுக்கு நீங்க வச்ச பேரு... ஆமா, அதே முத்துப்பேச்சிதான்... ஆமா சார், இங்கனதான் வேலை. ஆறு வருசமா அச்சடிச்ச பாரத்தாளை மடிக்கிறேன். டெல்லிக்குப் போற புக்கு, சிவகாசில அடிச்சா மலிவுன்னு குடுத்தீக. அதை மடிக்கிறது யாருன்னு யோசிக்கலையா.

நல்லாருக்கு சார், அட்டை நல்லாருக்கு. 'நாட்டின் நீடித்த வளர்ச்சி 2007, மக்கள் பங்கேற்புடன் ஒரு மதிப்பாய்வு'. வழுவழுன்னு லேமினேசன் வேற. உள்ளதான் நாத்தமடிக்குது.

இருங்க, நான் பேசி முடிச்சிருறேன்... இல்ல, நீங்க இருங்க. எங்க கருத்தைக் கேக்கணும்னு கூட்டுன அன்னைக்குக் கூட்டத்துல நீங்க ரெண்டு மணி நேரம் பேசுனீக, நாங்க வாயத் தொறக்காம கேட்டோம். எங்களுக்கு அஞ்சு நிமிசம் குடுத்தீக. அந்த அஞ்சு நிமிசத்துல நான் என்ன சொன்னேன்... சொல்லுங்க, என்ன சொன்னேன்... சரி, நானே சொல்லுறேன். பால்வாடிக்குப் பின்னாடி பட்டாசு மருந்து மூட்டைய அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருக்கு, அதைத் தூக்கணும்னு சொன்னேன். ஆடி மாசம் அங்கன மூட்டை புகைஞ்சப்ப ஜாஸ்பின் டீச்சர் இருபத்தாறு பிள்ளைகளையும் தூக்கிக்கிட்டும் இழுத்துக்கிட்டும் ரோட்டுக்கு ஓடுனாகன்னு சொன்னேன். அதுல எம் மகளும் ஒருத்தின்னு சொன்னேன். நீங்க நோட்டுல எழுதுனீக. நான் பாத்தேன்.

புக்குல என்ன போட்டிருக்கீக... வாசிக்கவா... 'கிட்டங்கிக்கும் குழந்தைகள் மையத்துக்கும் இடையிலான தூரம் போதுமானதே எனப் பங்குதாரர்கள் ஒருமனதாகக் கருத்துத் தெரிவித்தனர்.' ஒருமனதாவாம். எட்டடி சார். வெறும் எட்டடி. உங்க பிள்ளைய அங்கன உக்கார வைப்பீகளா... சரி, சரி, உங்க பிள்ளைய இழுக்கல.

டெல்லில மாத்திட்டாகளா... ம்... ம்... அப்ப கடைசிப் பக்கத்துல 'கூட்டு நிறுவனம்'னு போட்டு கனகசபாபதி மொதலாளி கம்பெனிக்கு நன்றி சொல்லியிருக்கீகளே, அதையும் டெல்லிலதான் எழுதுனாகளா. கிட்டங்கி யாருது... கேக்கேன்ல, யாருது... ஆங், அவருதுதான். அன்னைக்கு வேன் விட்டது அவரு. பந்தல் போட்டது அவரு. நாங்க தின்ன எலுமிச்சம்பழச் சோறும் அவரு வாங்குனதுதான். எனக்கு இன்னைக்குத்தான் வெளங்குச்சு.

சின்ன விசயமா... எது சின்ன விசயம். கிட்டங்கியத் தூக்கச் சொல்லி நாங்க குடுத்த மனு மேல திங்கக்கிழமை ஆர்.டி.ஓ. விசாரணை இருக்கு. உங்களுக்குத் தெரியாதாக்கும்... தெரியும்ல... என்னது... முன்னாடியே வாங்கிட்டுப் போன மாதிரிக் காப்பிய ஆர்.டி.ஓ.வுக்குக் குடுத்தாச்சா... எப்ப... கனகசபாபதி ஆளே கொண்டு போய்க் குடுத்தானா...

அப்ப, கிட்டங்கி இருந்துட்டுப் போகட்டும்னு எங்க வாயாலயே சொல்ல வச்சுட்டீக. மனு குடுத்த எங்களையே சாட்சியாக்கிட்டீக. நல்லா இருப்பீக சார், நல்லா இருங்க.

டெல்லிக்கா... நானா... டிக்கெட்டு போட்டுத் தருவீகளா. மேடைல வேற பேசணுமா. எதைப் பேச, முப்பத்தொண்ணாம் பக்கத்தையா. சும்மா இருங்க சார். நாரணாபுரத்துல நான் பேசுனதே இன்னும் போய்ச் சேரல.

ஏய்னா... யாரை ஏய்ங்கிறீக. இம்புட்டு நேரமும் நான் சார்னுதான் பேசுறேன்... ஆமா... ஆமா... சொல்லுங்க, எங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க. வேலை போகும்னு தெரிஞ்சுதான் போனைத் தொட்டேன். பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு, தெனம் காலைல பிள்ளைய அங்கன விட்டுட்டு இங்கன வந்து உக்காருறேன். வெளிய எங்கயாச்சும் சத்தம் கேட்டா மடிச்சதைப் போட்டுட்டு எந்திரிச்சு நிக்கேன். எந்தத் தெசைல புகை வருதுன்னு பாத்துட்டுத்தான் மறுபடி உக்காருறேன். அந்தப் பயத்துக்கு இது ஒண்ணுமே இல்ல.

இல்ல, ஒரு புக்கையும் கிழிக்கல. ஒரு பாரத்தையும் உருவல. என் வேலையில குத்தம் வராது.

கையெழுத்தா... வாறேன், அதுக்குத்தான் வாறேன். 'வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்டோம்'னு தலைப்புப் போட்டு, கீழ நாப்பத்துமூணு கையெழுத்தப் படமா அடிச்சிருக்கீக. எங்க கையெழுத்துதான், நான் இல்லைங்கல. ஆனா படம் எடுக்குறதுக்கு அசல் தாளையே அச்சாபீசுக்குக் குடுத்துவிட்டீகளே சார், அதைத் திருப்பி வாங்குனீகளா... ம்... இப்ப ஞாபகம் வருதா. தலைப்பு மட்டும் ஒரு துண்டுத்தாள்ல எழுதி மேல ஒட்டியிருந்துச்சு. ஒரு ஓரம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. ஆறு வருசமா பசையில கெடக்குற கை, பாத்துட்டுச் சும்மா இருக்குமா. ஈரத்துணிய வச்சு அலுங்காம எடுத்தேன். அடியில உங்க கைப்பட, நீலப் பேனாவுல, 'சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கியவர்கள்'னு இருக்கு. தேதியும் போட்டிருக்கீக.

திருட்டா. அதுல மூணாவது கையெழுத்து என்னுது சார்... வராதீக. வந்தாலும் அது இங்கன இல்ல. ஜாஸ்பின் டீச்சர்கிட்டக் குடுத்தாச்சு... மெரட்டுங்க, அவுகளையும் மெரட்டிப் பாருங்க. இருபத்தாறு பிள்ளைய வெளிய கொண்டு வந்தவக, ஒத்தைத் தாளையா விட்டுருவாக.

வேணாம் சார், கெஞ்ச வேணாம்... ஆமா, பிள்ளைகுட்டி எல்லாருக்கும்தான் இருக்கு... ம்... ம்... மொதலாளி வண்டிச் சத்தம் கேக்குது, வைக்கணும். நான் எதுக்குப் போன் பண்ணேன்னா, திங்கக்கிழமை பத்து மணிக்கு நீங்களும் வந்துருங்க. அது உங்க எழுத்துதானான்னு ஆர்.டி.ஓ. கேப்பாரு. எங்களுக்கு வேன் அனுப்ப வேணாம், பஸ்ல வாறோம். பொட்டலமும் வேணாம். நாப்பத்துமூணு பேரும் வீட்லயே சாப்பிட்டுட்டுத்தான் வருவோம்... வச்சிருறேன்.