குதிரைப் பாதைக்கு நடுவே

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் ஒரு மாலை மயிலாப்பூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒரு கார் டிரைவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை மொதலாளி கோல்ஃப் ஆடப் போறாராம்மே. பை தூக்க என்னையும் உள்ள இட்டுக்கினு போறாரு. மொத தபா!”

“அட! வெள்ளைச் சட்டையைத் தோச்சு வெக்கிறேன். எங்க ஆடுவாங்க அந்த ஆட்டம்?”

“கிண்டியில. ரேஸ் கோர்ஸ் நடுவுல.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். “இன்னாய்யா சொல்ற? ரேஸ் கோர்ஸ் வாசலையே மிதிக்க மாட்டேன்னு பொங்கல் அன்னிக்குப் பாப்பா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியே!”

“குதிரை ஓடறது சுத்தி. பந்து ஆடறது நடுவுல. நான் நடுவுலதானே நிக்கப் போறேன்?”

“நடுவுக்குப் பறந்தா போவ?”

“ஞாயித்துக்கிழமை குதிரையே கெடையாதும்மே. கேட்டுல போர்டு மாட்டிக் கீறான். போன சனிக்கிழமைதான் பார்த்தேன்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அதான் திங்கக்கிழமை பாப்பாவுக்கு அப்படி ஜுரம் அடிச்சுதா?”

நான் இறங்கவேண்டிய தி.நகர் நிறுத்தம் தாண்டிப் போயிற்று. எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

இரண்டு மாதமாக மனசில் கிடந்ததை இன்றுதான் எழுதினேன்: 18-8-1972.