மண்மேட்டுக்குப் போர்வை போர்த்தியவன்

ஆடாத நாற்காலியைத் தேடிப் பிடித்துத் தலைமை வீற்றிருக்கும் நிலைய அதிகாரி கவ்ரில் அவர்களே, வேலையை விட்டு வந்த பெரியோர்களே, கொசுவையும் குழந்தையையும் ஒரே கையால் தட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு. நம் நிலையத்துக் கடிகாரம் நேற்று மேலும் ஒரு விரற்கடை சாய்ந்துவிட்டது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

"நேரம் சரியா காட்டுதாடா கெஸ்கில்?" என்கிறார் பின்வரிசையில் தியோதர் மாமா. காட்டுது மாமா, நீங்கதான் தலையைச் சாய்ச்சுப் பாக்கணும்.

இந்தக் கோடையில் இது நான்காவது கூட்டம். தண்டவாளம் போகும் மண்மேடு தாழ்ந்தது, கல் கொட்டினோம். கல்லும் தாழ்ந்தது, மறுபடி கொட்டினோம். கொட்டிக் கொட்டிக் கை சோர்ந்தது; கேட்டுக் கேட்டுக் காது சோர்ந்தது. உறைந்த மண்ணை நம்பித்தானே ரயில் விட்டோம்? அந்த மண்ணே உருகினால் எதன்மேல் நிற்போம்?

சென்ற செவ்வாய் காலை, பாலத்துக்கு அப்பால் மேட்டுச் சரிவில் கை நுழையும் விரிசலைக் கண்டவன் யார்? நான். தண்டவாளம் அந்தரத்தில் தொங்குவதைக் கண்டு, சிவப்புச் சட்டையைக் கழற்றி வீசியபடி ஓடியவன் யார்? நான். யாகூத்ஸ்க் போகும் சரக்கு வண்டி கூப்பிடு தூரத்தில் நின்றது. இறங்கி வந்த ஓட்டுநர் விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சட்டையைப் போடுடா. கொசு உன்னைத் தூக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அதற்காகத்தான் தலைவர் கையில் எனக்குப் பரிசாக ஒரு கைக்கடிகாரம். அதே கையில், தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்க்கும் அகுலினா அக்காவுக்கு வேலைநீக்க உத்தரவு. குளிர்காலத்தில் அந்தச் சரிவின் பனியை அவர் வழிக்கவில்லையாம்.

பனி ஒரு போர்வை. அது குவிந்து கிடந்தால் குளிர் மண்ணுக்குள் இறங்காது. குளிர் இறங்காத மண் கோடையில் கஞ்சியாகும். அதனால்தான் மைனஸ் ஐம்பதிலும் அக்கா மண்வெட்டியோடு சரிவில் நிற்பார். நேற்று அவரிடம் கேட்டேன்.

"வழிச்சேன்டா. மூணு தடவை வழிச்சேன். மறுபடி எங்கேர்ந்து வந்துச்சோ. காத்து கொண்டுவந்து கொட்டியிருக்கும், விடு."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது.

அது காற்றில்லை, அக்கா. நான்தான். நீங்கள் வழித்த பனியை எல்லாம் நானும் என் கூட்டாளிகளும் சரிவிலேயே ஆள் உயரத்துக்குக் குவித்தோம். தண்ணீர் ஊற்றி இறுக்கினோம். இந்த ஊர் கண்ட மிக நீண்ட சறுக்குமேடு அது; வசந்தம் வரை சறுக்கினோம்.

கோடையில் உனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. விரிசலைத் தேடி நான் போகவில்லை. பனிக்குள் புதைந்துபோன என் சறுக்குப்பலகையைத் தேடிப் போனேன்.

தலைவர் அவர்களே, கடிகாரத்தை அக்காவிடம் கொடுங்கள். அவர் மண்வெட்டியை என்னிடம் கொடுங்கள். அந்த உத்தரவைக் கிழித்துவிடுங்கள். தியோதர் மாமா, பெல்ட்டை அப்புறம் கழட்டுங்க, இன்னும் முடிக்கல.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். பலகை இன்னும் கிடைக்கவில்லை. நீல நிறம்.