பிரிட்டாவின் பெயரில்

"ஆண்டவருக்கு நம்ம பாஸ்வேர்டெல்லாம் தெரியுமா?" என்று ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். அவருக்கு அது தேவைப்படாதம்மா என்றேன். எனக்கும் தேவைப்படாது என்பதைச் சொல்லவில்லை.

மினசோட்டாவில் எங்கள் பல்கலைக்கழகத்தின் நானூறு கணினிகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும். அவற்றில் யார் நுழையலாம் என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் போன்ற நிர்வாகி பாஸ்வேர்டு இல்லாமலே எந்தப் பயனராகவும் மாறிக்கொள்ளலாம். செய்வது நிர்வாகி, பதிவில் விழுவது பயனரின் பெயர். அப்படிப் பல சிறு உதவிகள் செய்திருக்கிறேன். மாணவர் தன் நிரலில் விட்டுவிட்ட ஒரு புள்ளியைப் போட்டுவைப்பேன். மறுநாள் அந்த முகம் மலர்ந்திருக்கும்.

நீங்கள் சந்தேகத்தோடு பார்க்கிறீர்கள். விசாரிக்க வந்தவர், அது உங்கள் வேலை.

பிரிட்டா ஹால்வர்சன் ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் ஆய்வு மாணவி. மதியம் என் மேசைக்கு வந்து சாப்பாட்டில் பாதியைத் தருவாள்.

"க்ளென், இப்படியே மெஷினோட பேசிட்டிருந்தா, சர்ச்ல பாட்டுக்குப் பதிலா கமாண்டுதான் வரும் உங்களுக்கு."

"வரட்டுமே. பாஸ்டரே பாதித் தூக்கத்துலதான் இருப்பாரு."

மார்ச்சில் ஒரு நாள், "மே மாசம் முடிச்சிட்டு சியாட்டிலுக்குக் கிளம்பிருவேன், வேலை கிடைச்சிருச்சு" என்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பாவம், ஓய்வு வேண்டும் என்று தோன்றியது. அவளாக மாறி, அவள் கோப்பில் ஆற்று மட்டத்தின் ஒரே ஓர் அளவை மாற்றினேன். விடை வராது, ஒரு கோடை தாமதமாகும், அவ்வளவுதான்.

விடை அழகாக வந்தது. அதை நம்பி ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். அளவு அசலோடு ஒத்துப்போகவில்லை என்று பேராசிரியர் கண்டுபிடித்தார். மாற்றியவர் பெயர் பதிவில் இருந்தது. "நான் தொடவே இல்லீங்க" என்றாள் பிரிட்டா.

"வேற யாராவது உள்ள போயிருப்பாங்களா, க்ளென்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அவ பாஸ்வேர்டு ஒண்ணும் திருடு போகலை" என்றேன். அது பொய் இல்லை.

அவளை நீக்கினார்கள். மேல்முறையீடு திங்கட்கிழமை. அதுவரை அந்தக் கோப்பை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு. அவள் கணக்கை மூடச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை.

முந்தின நாள் ஆராதனை முடிந்ததும் அலுவலகம் போனேன். யாரும் இல்லை. கடைசி முறையாக அவளாக மாறி, சரியான அளவைத் திருப்பி வைத்தேன்.

ஆதாரத்தை அழிக்க அவளே நுழைந்தாள் என்று எழுதி மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். நான் யாரிடமும் சொல்லவில்லை, நன்றியும் எதிர்பார்க்கவில்லை. அவளிடமிருந்து எடுத்ததை அவளிடமே வைத்துவிட்டேன். பிரிட்டாவுக்கு நான் இனி எதுவும் பாக்கி இல்லை.