வேலியில் பூத்த காகிதப்பூ

அன்னவாசலில் பஸ் நின்றது. முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் வெளியே காகிதப்பூச் செடியைக் காட்டினார்.

"அந்தச் செவப்பா இருக்குறது பூ இல்லடி, பூவடிச் செதில். எலை மாதிரி. உள்ள வெள்ளையா துளியூண்டு இருக்குல்ல, அதான் பூ."

"பத்தாவதுலயும் இதத்தான் சொன்ன. ஆண்டுவிழாவுக்கு அதை வச்சுக்கிட்டு வந்தேன். 'எலைய வச்சிருக்கா'ன்னு எல்லாரும் சிரிக்கிற மாதிரி சொன்ன. பிச்சுப் போட்டுட்டு, டான்ஸ்கூட ஆடாம வீட்டுக்குப் போயிட்டேன்."

"இன்னும் மறக்கலயா?"

"எப்புடி மறக்கும்?"

பஸ் கிளம்பியது. ஜன்னலோரப் பெண் தோழியின் பக்கம் திரும்பினார்.

"ஒனக்கு அது நல்லா இருந்துச்சுடி. அன்னைக்கு என் தலையில வைக்க ஒண்ணுமே இல்ல. அதான் சொன்னேன்."

"லூசு. கேட்டிருந்தா பாதி குடுத்திருப்பேன். எங்க வேலி பூரா அதுதானே."